எட்டு மாசம்னு சொன்ன வீடு

வீடு கட்டிக் கொடுக்கிறவனிடம் வருகிறவர்கள் கேட்பது ரெண்டே கேள்வி, எவ்வளவு ஆகும், எப்ப முடியும். முதல் கேள்விக்காவது சில சமயம் உண்மையான பதில் சொல்லிவிடலாம். நான் பாளையங்கோட்டையில் இருபது வருஷமாகப் படம் வரைந்து வீடு கட்டிக் கொடுக்கிறேன். வீடு கட்டி நொந்தவர்கள், கட்டிக் கொடுத்து வசவு வாங்கியவர்கள், பாதி கட்டின வீட்டை நினைத்துக்கொண்டு வாடகை வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள், எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நமக்கெல்லாம் ஒரே நோவுதான். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன புண்ணியவான், எத்தனை மாசத்தில் கட்டிப் பார் என்று மட்டும் சொல்லாமலே போய்விட்டான்.

எட்டு மாசம்

ஆறுமுகம் அண்ணாச்சி என் ஆபீசுக்கு வந்தது ஒரு வைகாசியில். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று நோட்டும் விசிலுமாக முப்பது வருஷம் நின்றவர். ரிட்டயர் ஆன பிறகும் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அவர் மனைவி இசக்கி மதினிக்கு மூணு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போய்விட்டது. வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வாடகை வீட்டில் கட்டிலோடு கட்டிலாக இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று நாலு பேர் தூக்கி மாடி ஏற்றும்போது அவர் வலியில் போட்ட சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டதாம். அதற்கப்புறம் அவர் கீழே இறங்கவே இல்லை. "கீழ் வீடா ஒண்ணு வாடகைக்குப் பாத்திருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். "பாத்தேன் தம்பி. இறங்குனா ஒரே தடவதான் இறங்குவேன், அது சொந்த வீட்டுக்குத்தான்னு சொல்லிட்டா. அவ தெருவப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. படுத்த வாக்குல தெருவப் பாக்குத மாதிரி ஒரு வீடு வேணும். எப்ப முடியும்?"

படம், அனுமதி, அஸ்திவாரம், மழை, பூச்சு, தரை, கதவு என்று மனசுக்குள் கூட்டினால் ஒன்றரை வருஷத்துக்குக் குறையவில்லை. ஆனால் வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம், நல்ல காரியத்தின் முதல் பேச்சிலேயே ஒன்றரை வருஷம் என்று எந்த இஞ்சினீயரும் சொல்ல மாட்டான். சொன்னால், எட்டு மாசம் சொல்லுகிறவன் அடுத்த தெருவில் ஆபீஸ் திறந்து வைத்திருக்கிறான். நானும் முகம் மாறாமல் "எட்டு மாசம் அண்ணாச்சி" என்றேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, எட்டு மாசம்னு எழுதிக்கிட்டேன். முப்பது வருஷத்துல எத்தன பஸ்ஸுக்கு டைம் எழுதியிருப்பேன்."

படத்தில் இல்லாத நாற்காலி

வீடு கட்ட ஆகும் காலத்தில் பேப்பரில் கட்ட ஆகும் காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு நான் ஏழு படம் வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் படத்தைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய் மதினியிடம் காட்டிவிட்டு மறுநாள் வருவார். ஜன்னல்தான் பெரிய சண்டை. நான் எல்லா வீட்டிலும் போடுகிற மாதிரி தரையிலிருந்து மூணு அடிக்கு மேலே போட்டிருந்தேன். அவர் டேப்பை வைத்து, கட்டில் உயரம், தலகாணி உயரம், படுத்தால் மதினியின் கண் இருக்கிற உயரம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டு வந்து, ஒன்றரை அடியில் ஜன்னல் வேண்டும் என்றார். சாரல் அடிக்கும், தெருவில் போகிறவன் எல்லாம் உள்ளே பார்ப்பான் என்று நான் கத்தினேன். "பாக்கட்டுமே, அவளும் பாப்பால்லா" என்று முடித்துவிட்டார்.

ஆறாவது படத்தை நானே கொண்டுபோய் மதினியிடம் விரித்துக் காட்டினேன். கட்டில் இங்கன, ஜன்னல் அங்கன, எதிரே டவுன் பஸ் நிற்கிற இடம், சக்கர நாற்காலி போக அகலமான கதவு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மதினி நல்ல கையால் படத்தை ஒரு தடவை தடவினார். கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி எப்போதும் உட்காருகிற கை வைத்த மர நாற்காலி ஒன்று கிடந்தது. அதைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "எல்லாம் இருக்கு. அவுக நாற்காலியக் காணோமே தம்பி."

ஆடியும் ஐப்பசியும்

நாற்காலிக்கு ஜன்னலோரம் மூணு அடி ஒதுக்கி ஏழாவது படம் போட்டு, அனுமதியும் வாங்கி நிமிர்ந்தால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவார்கள்? மதினியும் மகள் செல்வியும் ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார்கள். செல்வியை ஏரலில் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கிருந்து போனிலேயே தடுத்துவிட்டாள். ஆவணியில் தோண்டினோம். மனையில் கிழக்குப் பக்கம் கரிசல். மூணு அடியில் நிற்க வேண்டிய அஸ்திவாரம் ஆறு அடிக்குப் போனது. ஐப்பசி மழையில் தோண்டின குழியெல்லாம் குளமாகி, மோட்டார் வைத்து இறைத்தால் மறுநாள் காலையில் தவளை அதே உற்சாகத்தோடு கத்தும். ஆடி என்று பார்த்து ஒரு மாசம் போனதே என்று அண்ணாச்சிக்குத்தான் ஆற்றாமை. "ஆடியில நல்ல காரியம் கூடாதுங்காக. ஆடி அமாவாசைக்குத்தான் தம்பி, நாங்க நிக்க நேரமில்லாம ஸ்பெசல் பஸ் விட்டோம்."

மெமோ

மாடசாமி கொத்தனார் என்னிடம் பதினஞ்சு வருஷமாக இருக்கிறவர். அவர் பூசின சுவரில் நூல் பிடித்துக் குறை சொல்ல முடியாது. காலையில் வருகிற நேரத்தை மட்டும் எந்த நூலாலும் பிடிக்க முடியாது. அண்ணாச்சி தினமும் மனைக்கு முன்னால் குடையோடு நின்று எழுதுவார். மாடசாமி ஒன்பது நாப்பது. சித்தாள் ரெண்டு பேர் ஒன்பது ஐம்பது. டீ பத்தேகாலுக்கு, திரும்பி வந்தது பத்து ஐம்பது. ஒருநாள் மாடசாமிக்குக் கோபம் வந்து கரண்டியைப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, நான் என்ன திருச்செந்தூர் பஸ்ஸா?" என்று கேட்டார். சிரிக்காமல் பதில் வந்தது. "பஸ்ஸா இருந்தா இந்நேரம் மெமோ குடுத்திருப்பேன் வே."

எட்டாவது மாசம்

எட்டு மாசம் முடிந்த அன்றைக்குச் சுவர் இடுப்பு உயரம் நின்றது. மார்கழியில் நிலை வைக்க மாட்டார்கள், தை பிறந்துதான் வாசல் நிலையை நிறுத்தினோம். சந்தனம் குங்குமம் வைத்து, நவதானியத்தைத் துணியில் முடிந்து, மேலே மாவிலை கட்டி நிறுத்தியாயிற்று. சுற்றிச் சுவர் இடுப்போடு நிற்க, நிலை மட்டும் தனியாக உயர்ந்து நிற்கிறது. எனக்கு அண்ணாச்சி முகத்தைப் பார்க்க முடியவில்லை. இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள்.

"அண்ணாச்சி, எட்டு மாசம்னு நான் சொன்னது..." என்று இழுத்தேன். அவர் இலையை மடித்துவிட்டுக் கை கழுவினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "காத்து நிக்கவங்ககிட்ட எப்படிச் சொல்லணும்னே உங்களுக்குத் தெரியல தம்பி. பத்து நிமிசத்துல பஸ் வருதுன்னா சனம் அஞ்சாவது நிமிசமே தவிச்சுப்போவும். அரை மணி ஆகும்னு சொல்லிப் பாருங்க, பைய உக்காந்து கடலை வாங்கித் தின்னும்."

நாப்பது நாள் லீவு

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்ளலாம், ஏனென்றால் நீங்களும் செய்திருப்பீர்கள். நம் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சத்தம் போடுகிறவன் வீடு முதலில் முடியும். பொறுத்துக்கொள்ளுகிறவன் வீடு பொறுத்துக்கொள்ளும்.

மேலப்பாளையத்தில் காதர் பாய் வீடும் அதே சமயம் என் கையில் இருந்தது. அவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். சித்திரையில் நாப்பது நாள் லீவில் வருவதாக இருந்தது. அவர் வீட்டில் பூச்சு வேலை பாக்கி. பங்குனி பிறந்ததிலிருந்து காலையும் மாலையும் போனில் குரல் பதிவு வரும். "இஞ்சினீயர் சார், போன லீவுக்கு வந்தப்ப தூணு மட்டும் நின்னுச்சு. இந்த லீவுலயும் சிமெண்ட் மூட்டைக்கு நடுவுலதான் நான் படுக்கணுமா? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க." அண்ணாச்சி வீட்டில் அப்போதுதான் மேல்தளம் போட்டிருந்தது. ரெண்டே வாரம் என்று சொல்லி மாடசாமி கூட்டத்தை மேலப்பாளையத்துக்கு மாற்றிவிட்டேன். ரெண்டு வாரம் ஆறு வாரம் ஆனது. அது முடிந்ததும் மாடசாமி ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கொடைக்குப் போன கொத்தனாரை யார் திருப்பிக் கூப்பிட முடியும்? மொத்தம் பத்து வாரம்.

பாய் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மனிதர். வீட்டைப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டார். குடிபுகுந்த மூணாம் வாரமே லீவு முடிந்துவிட்டது. வளைகுடா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு குரல் பதிவு வந்தது, இந்தத் தடவை சத்தம் இல்லாமல். "பன்னெண்டு வருசம் வெயில்ல நின்னு கட்டுன வீடு சார். பத்தொம்பது நாள் படுத்து எந்திரிச்சேன்."

ஸ்பேர் பஸ்

அந்தப் பத்து வாரமும் அண்ணாச்சி போன் வந்தால் நான் எடுக்கவில்லை. எடுத்து என்னத்தைச் சொல்ல? ஒருநாள் வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் போனேன். ஆள் இல்லாத வீட்டுக்கு முன்னால் மணல் குவியலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. நான் எட்டிப் பார்த்தேன். தேதி போட்டு ஒவ்வொரு நாளும் "வரவில்லை" என்று எழுதியிருந்தது. பக்கம் பக்கமாக அதே வார்த்தைதான்.

சிமெண்ட் வரவில்லை, ஆளுக்குக் காய்ச்சல் என்று ரெண்டு பொய் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றையும் சொல்லவிடவில்லை. மேலப்பாளையத்து வேலை அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. துண்டில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். "நாங்களும் அப்படித்தான் தம்பி. எந்த ஊரு கூட்டம் கண்ணாடிய உடைக்க வருதோ அந்தூருக்குத்தான் ஸ்பேர் பஸ்ஸ விடுவோம். பேசாம நிக்கவன் நின்னுக்கிட்டேதான் இருப்பான்."

தெரு முக்கு

ஆனியில் மாடசாமி திரும்பி வந்தார். நானே கூட நின்று விரட்டினேன். ஆவணி கடைசியில் பூச்சு முடிந்து, தரையில் பாதிக்கு டைல்ஸ் ஒட்டியாயிற்று. ஒருநாள் காலையில் செல்வி போன் பண்ணினாள். முந்தின நாள்தான் அம்மாவைப் பார்க்க ஏரலிலிருந்து வந்திருந்தாள். அண்ணாச்சி சவரம் பண்ண உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மர நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மாடிப்படி ரெண்டே கால் அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். பாடை ஏறாது, திரும்பாது. அண்ணாச்சியை வேட்டியில் வைத்துத் தூக்கித்தான் கீழே இறக்கினார்கள். மதினியைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். தூக்குவதற்கு முன்னால் கடைசியாக அண்ணாச்சி நெற்றியை நல்ல கையால் தொட்டார். பிறகு எல்லாரும் கீழே போய்விட்டார்கள், மாடியில் நானும் மதினியும் மட்டும். அந்த வாடகை வீட்டு ஜன்னலும் தரையிலிருந்து மூணு அடிக்கு மேல். நான் எல்லா வீட்டுக்கும் போடுகிற அதே உயரம். கட்டிலிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும். சங்குச் சத்தம் தெருவில் நகர்ந்து போனது. நான் ஜன்னல் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். மதினி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார். "தெரு முக்கு திரும்பியாச்சா தம்பி?"

முதல் கால்

அன்றைக்கு வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்தேன். அந்தப் பத்து வாரத்தைக் கழித்துப் பார்த்தால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சியிருக்கலாம். இருபது நாளாவது அவர் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். சாவுக்கு நான் பொறுப்பில்லை என்று என் மனைவி நூறு தடவை சொன்னாள். சாவைப் பற்றி யார் பேசினார்கள்? அந்த இருபது நாளுக்கு நான்தான் பொறுப்பு.

ஐப்பசியில் வேலை முழுதும் முடிந்தது. சாவியைக் கொடுக்கப் போனால் மாடியில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். சாவு விழுந்த வருஷத்தில் புது வீடு புகக் கூடாது, வருஷம் திரும்பணும் என்றார்கள். செல்வியும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். ஒரு பெரியவர், தாலி இழந்தவள் புது வீட்டில் முதல் கால் வைக்கலாமா என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது, ஆனால் நான் என்ன உரிமையில் பேசுவது? மதினி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "முதல் கால் வைக்க எனக்கு எங்க இருக்கு காலு? மாடசாமி தூக்கிட்டுப் போனா மாடசாமி காலுதான் முதல்ல போவும். இறக்குங்க என்னைய."

நாற்காலி

மறுநாள் காலையில் மாடசாமியும் மூணு பேரும் வந்தார்கள். ஒன்பது நாப்பதுக்கு இல்லை, ஏழு மணிக்கே. எழுத ஆள் இல்லாத அன்றைக்கு நேரத்துக்கு வந்து நின்றார் மனிதர். அண்ணாச்சியின் மர நாற்காலியிலேயே மதினியை உட்கார வைத்து, விழாமல் இருக்க வேட்டியால் சுற்றிக் கட்டி, படிப்படியாக இறக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. மதினி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டார், சத்தமே வரவில்லை. லோடு ஆட்டோவில் நாற்காலியோடு ஏற்றினோம். வழி நெடுகக் கடைகளையும் ஆட்களையும் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

பால் காய்ச்சவில்லை, கோலம் இல்லை. மாடசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். மதினியை ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தோம். நாற்காலியை நான் படத்தில் ஒதுக்கின மூணு அடியில் கொண்டுபோய்ப் போட்டேன், அளந்த மாதிரிச் சரியாக இருந்தது. எதிரே டவுன் பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், கண்டக்டர் விசில் ஊதினார். மதினி பஸ் போகிறவரைக்கும் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பத்து வாரத்தையும் சொல்லி, திட்டு வாங்கிவிட்டுப் போகலாம் என்று தரையில் உட்கார்ந்தேன். "மதினி, எட்டு மாசம்னு சொல்லிட்டு ஒன்றரை வருசம் ஆக்கிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அண்ணாச்சி நோட்டில் எழுதின எட்டு மாசம் அந்த மாடிப்படி ஏறவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "எட்டு மாசமா? ரெண்டு வருசம் ஆவும்னுல்லா அவுக எங்கிட்டச் சொன்னாக. நானும் அதுக்குத் தக்கன மனசத் தேத்திக்கிட்டுக் கிடந்தேன். நீங்க ஆறு மாசம் முன்னாலயே முடிச்சிட்டீய தம்பி. அவுகதான் அதுக்கும் முன்னால கிளம்பிட்டாக."

இப்போதெல்லாம் எப்ப முடியும் என்று கேட்கிறவர்களிடம் நானும் ரெண்டு வருஷம் என்றுதான் சொல்லுகிறேன், பாதிப் பேர் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள், மீதிப் பேரிடம், சொன்னதற்கு முன்னாலேயே முடிக்கிற ஆள் என்று எனக்குப் பெயர்.